பிடிபட்ட போனை என் கடைக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் செல்போன் கொண்டுவரலாமா கூடாதா என்று உங்கள் வாசகர் பகுதியில் சில வாரங்களாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கண் கெடுகிறது, கவனம் சிதறுகிறது, பண்பாடு போகிறது என்கிறார்கள். முதல் இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்குத் தகப்பன். இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒரு விஷயம் என் மேசைக்கு அடிக்கடி வருகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு நடக்கும்போது பிள்ளை கையில் போன் வேண்டாம். போனை வைத்துப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்கிறானே என்று சிரிக்க வேண்டாம். ஒரு நோட்டிஃபிகேஷன் சத்தத்துக்கு மனுஷன் எப்படித் திரும்புகிறான் என்பதை நாள் முழுக்கப் பார்ப்பவன் நான். ஒரு தடவை கவனம் கலைந்தால் மாணவர் மறுபடி பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கை சொல்கிறது. நம் பள்ளிகளில் ஒரு பீரியடில் பாதி அதிலேயே போய்விடும். பிரான்ஸ் 2018இலேயே சட்டம் போட்டது. பிரேசில் 2025 ஜனவரியில் போட்டது. தென் கொரியாவும் அதே வருஷம் சட்டம் இயற்றிவிட்டது. நம் மாநிலத்தில் மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையிலும் பள்ளி வளாகத்துக்குள் மாணவர்கள் போன் பயன்படுத்தக் கூடாது என்ற பரிந்துரை இருக்கிறது. ஆக, தடை வேண்டுமா என்பதில் இனிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் தடை போட்ட மறுநாளும் ஏதோ ஒரு பையில் போன் வரத்தான் போகிறது. பிடிபடத்தான் போகிறது. பிடிபட்ட பிறகு பள்ளிக்கூடம் என்ன செய்கிறது? என் கேள்வி அதுதான்.

போன வருஷம் அரையாண்டுத் தேர்வு நெருங்கும் சமயம், காலையில் கடையைத் திறந்ததும் ஒருவர் வந்தார். பெங்களூருவில் சென்ட்ரிங் வேலை செய்கிறவர். ராத்திரி பஸ் பிடித்து வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு அங்கிருந்து நேராக வந்திருக்கிறார்; தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய மாடல். டெம்பர் கிளாஸ் ஒரு மூலையில் நொறுங்கி, அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. பின்னால் நிறமில்லாத பவுச். அதற்குள் மடித்து வைத்த இருபது ரூபாய் நோட்டு ஒன்று, இரட்டைச் சடையில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று. பவுச்சின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, மார்க்கர் பேனாவால் '11 பி' என்று எழுதியிருந்தது. அந்தத் தாள் பள்ளிக்கூடத்தில் ஒட்டியது.

"லாக் எடுத்துக் குடு தம்பி. எவங்கூடப் பேசுறாள்னு பார்க்கணும்" என்றார். "யாருங்க சொன்னது, பேசுறான்னு?" என்று கேட்டேன். எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து அவருக்கு போன் வந்திருக்கிறது. பையில் சோதனை போட்டபோது போன் கிடைத்ததாம். அந்த நேரம் பார்த்து லாக் ஸ்கிரீனில் ஒரு பையன் பெயர் வந்து போனதாம். பிள்ளை பேட்டர்ன் போட மறுத்துவிட்டது. "வேலையை விட்டுட்டு வந்து வாங்கிட்டுப் போங்க, கடையில குடுத்து லாக் எடுத்துப் பாருங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

இங்கே தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். சினிமாவில் ஒயரை மாட்டியதும் போன் திறந்துகொள்வதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நிஜத்தில் அப்படி இல்லை. இப்போது புழக்கத்தில் உள்ள ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் சங்கேதமாகப் பூட்டப்பட்டிருக்கும். பேட்டர்னோ பின் நம்பரோ தெரியாமல், என்னைப் போன்ற கடைக்காரன் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. என்னால் முடிந்தது ரீசெட் அடிப்பது, இல்லாவிட்டால் ஃபிளாஷ் பண்ணுவது, அதாவது மென்பொருளைப் புதிதாக ஏற்றுவது. இரண்டிலும் போட்டோ, மெசேஜ், நம்பர் எல்லாமே போய்விடும். அதற்குப் பிறகும் பழைய கூகுள் கணக்கைக் கேட்டுக்கொண்டு நிற்கும். 'உள்ளே இருப்பது போகாமல் லாக் எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது ஐந்நூறு ரூபாய் வாங்கினால், பெரும்பாலும் அவர் அழித்துத்தான் கையில் கொடுப்பார்.

இதை விளக்கிச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அப்ப அழிச்சுடு. அவளுக்கு போனும் வேணாம், ஸ்கூலும் வேணாம்" என்றார்.

நான் அழித்துக் கொடுக்கவில்லை. வீட்டில் போய் முதலில் பிள்ளையோடும் அவள் அம்மாவோடும் பேசுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளை பள்ளிக்கு வருவது நின்றுபோனது என்று, பேட்டரி மாற்ற வந்த அவளுடைய வகுப்பாசிரியை சொல்லித்தான் தெரிந்தது. அந்த டீச்சர் லேசில் விடவில்லை. பள்ளி முடிந்ததும் வீடு தேடிப் போய், பாட்டியைப் பிடித்து, பாட்டி மூலமாகத் தாயைப் பிடித்து, கடைசியில் தகப்பனிடம் பேசி, பிள்ளையைத் திரும்பப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிள்ளை ஆண்டு இறுதித் தேர்வும் எழுதிவிட்டது. அந்தப் பையன் யார், என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம்.

பண்பாடு என்றார்களே, அதற்கு வருகிறேன். ஒரு பெயர் ஸ்கிரீனில் வந்தால் அது வெறும் பெயர் இல்லை, எங்கள் ஊர்களில். பெயரை வைத்து ஊர், ஊரை வைத்துத் தெரு, தெருவை வைத்துச் சாதி என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு கலப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து 2012 நவம்பரில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் வீடுகள் எரிந்த மாவட்டம் இது. அந்த நெருப்புக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இப்போது எட்டாவது, ஏழாவது படிக்கிறார்கள். 'பண்பாடு கெடுகிறது' என்று கடிதம் எழுதுகிறவர்கள் எந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்; யாரும் எழுத மாட்டார்கள். அதோடு, பெண் பிள்ளை கையில் போன் பிடிபட்டால் அடுத்த பேச்சு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றித்தான். குழந்தைத் திருமணத்துக்குப் பேர் போன மாவட்டங்களில் நாமும் இருக்கிறோம், கிருஷ்ணகிரியும் இருக்கிறது. கையில் போன் இருந்தது என்று பதினாறில் படிப்பை நிறுத்துகிறோம். ஓசூர் பக்கம் திம்ஜேப்பள்ளியில் ஐபோன் பாகம் செய்யும் தொழிற்சாலைக்குப் பதினெட்டு முடிந்த பெண்கள் பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள். இந்த இரண்டும் நடப்பது ஒரே வட்டாரத்தில்தான்.

பையன்கள் விஷயம் வேறு. அவர்கள் போனுக்கு லாக் எடுத்துக் கொடு என்று எந்தத் தகப்பனும் வருவதில்லை. அம்மாவின் கணக்கிலிருந்து விளையாட்டுக்குப் பணம் போய்விட்டது என்றால் மட்டும் வருவார்கள். கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றிய 2024ஆம் வருஷத்து ஏசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் சொந்தமாக போன் வைத்திருப்பது ஆண் பிள்ளைகளில் 36.2 சதவீதம், பெண் பிள்ளைகளில் 26.9 சதவீதம். வைத்திருப்பது பையன்கள் அதிகம். பூட்டை உடைக்க என் மேசைக்கு வருவது பெண் பிள்ளைகளின் போன். இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அழித்துவிடு என்று கேட்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அந்தப் பிள்ளையை எவனாவது போட்டோவைக் காட்டி மிரட்டிக்கொண்டிருந்தால்? தானாக எடுத்து அனுப்பியதாகவும் இருக்கலாம், முகத்தை வெட்டி ஒட்டியதாகவும் இருக்கலாம். ரீசெட் அடித்த நிமிஷத்தில் பிள்ளை கையிலிருக்கும் சாட்சி போய்விடுகிறது. அவனிடம் போட்டோ அப்படியே இருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியது நேர் எதிரானது. எதையும் அழிக்காமல், வந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவனுடைய ஐடி பெயரையும் லிங்க்கையும் குறித்துக்கொண்டு, மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள் சம்பந்தமான புகாருக்கு அதில் தனிப் பிரிவே இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. நம் போனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் அடையாள எண் தயாராகி, அந்த எண் மட்டும்தான் போகும். போக்சோ சட்டப்படி இப்படியொரு குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம். பாதிக்கப்பட்ட பிள்ளை யாரென்று வெளியே தெரியும்படி செய்வதும் குற்றம். ஸ்டாஃப் ரூமில் போனை ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பார்த்தால் இந்த இரண்டாவதுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோம் என்று ஆசிரியர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

சரி, பிள்ளை ஏன்தான் போனைக் கொண்டுவருகிறது? ரீல்ஸ் பார்க்கத்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பார்க்கவும்தான் செய்கிறார்கள். ஏசர் ஆய்விலேயே, போன் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகளில் முந்தைய வாரத்தில் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். ஆனால் எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்பா பெங்களூருவில், அம்மா தக்காளி பறிக்கக் காட்டுக்குப் போனால் வெயில் சாய்ந்துதான் வருவாள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வெளியே வந்தால் ஃப்ரீ பஸ் போய்விட்டிருக்கும்; அடுத்த வண்டி எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. ஒரு காலத்தில் இதே கடையில் என் அப்பா எஸ்டிடி பூத் நடத்தினார். வாசலில் ஒரு ரூபாய் காயின் பாக்ஸ் தொங்கும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்று வீட்டுக்குப் பேசுவார்கள். இன்று பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் தேடினாலும் ஒரு காயின் பாக்ஸ் கிடைக்காது. அந்த இடத்தைப் பிள்ளையின் பை எடுத்துக்கொண்டது. ஆபீஸ் ரூமில் ஒரு போனை வைத்து, கேட்கிற பிள்ளைக்கு வீட்டு நம்பரைப் போட்டுக் கொடுத்தால், பாதிப் பைகளில் போன் வராது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னதும் கிட்டத்தட்ட இந்த வழிதான். முழுத் தடை சரிப்படாது, காலையில் வாங்கிப் பத்திரமாக வைத்து மாலையில் திருப்பிக் கொடுக்கலாம், வகுப்பில் மட்டும் கூடாது என்றது.

இன்னொரு காரணத்தைப் பள்ளிக்கூடமே உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது. கொரோனா காலத்தில் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். அப்போது வேறு வழியில்லை. கல்வித் தொலைக்காட்சியும் அந்தக் குரூப்பும் இல்லாவிட்டால் பிள்ளைகள் எழுத்தையே மறந்திருப்பார்கள். பள்ளி திறந்து இத்தனை வருஷம் ஆகியும் குரூப் கலையவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் 'நாளை சார்ட் பேப்பரில் இருதயம் வரைந்து வரவும்' என்று மெசேஜ் வருகிறது. என் மகளும் போனைக் கேட்கிறாள். கொடுக்காவிட்டால் மறுநாள் நிற்க வைக்கிறார்கள். இருதயத்தைப் பார்க்கப் போனவள் அரை மணி நேரம் கழித்துத்தான் போனைத் திருப்பித் தருகிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே. பாடப் புத்தகத்தில் அச்சடித்த கியூஆர் கோடுகூடப் பரவாயில்லை, ஸ்கேன் செய்தால் பாடம்தான் வரும். வாட்ஸ்அப்பைத் திறந்தால் உலகமே வரும். கரும்பலகையில் எழுதி டைரியில் குறித்துக்கொள்ளச் சொன்னால் தீர்ந்துபோகிற காரியம் இது.

சமூக ஊடகம் மாணவர்களைக் கெடுக்கிறது என்று கூட்டம் போட்டுப் பேசுகிற பள்ளிகள், அதே கூட்டத்தை வீடியோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போடுகின்றன. ஆண்டு விழாவில் ஆடிய பிள்ளைகள், பரிசு வாங்கிய பிள்ளைகள், சில வகுப்புகளில் டீச்சரோடு சேர்ந்து ரீல்ஸுக்கு ஆடும் பிள்ளைகள், முகத்தோடு, யூனிஃபார்மோடு, பள்ளியின் பெயரோடு. முகத்தை வெட்டி ஒட்டுகிறவனுக்கு வேறெங்கும் தேடிப் போக வேண்டிய வேலையே இல்லை. எந்தப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

ஆஸ்திரேலியாவைப் பார்த்து நாமும் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டம் போட்டுவிடலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அங்கே 2025 டிசம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கம்பெனி மீறினால் கிட்டத்தட்ட 5 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை கிடையாது. அந்தக் கடைசிப் பாகம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் வயது எங்கே சரிபார்க்கப்படுகிறது? புது போன் வாங்க வரும்போது சிம் அப்பா பெயரில். ஜிமெயில் திறக்கப் பிறந்த வருஷம் கேட்டால் கடைக்காரர் 1990 என்று தட்டிவிடுவதுதான் ஊர் வழக்கம், கூட்டம் நிற்கும்போது யார் ஆதாரைத் தேடுவது? இன்ஸ்டாகிராமில் பிள்ளைகளே தங்களை 2000இல் பிறக்க வைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டிலும் 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குழந்தை என்கிறது, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அந்தச் சம்மதத்தை ஓடிபியாக அனுப்பினால் வந்து விழப்போவது பிள்ளை கையில் இருக்கும் போனில்தான். சட்டம் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வந்து சேரும்வரை பையில் பிடிபடும் போனுக்கு ஒரு வழி வேண்டும்.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பிடிபட்ட போனைப் பிள்ளையின் கண் முன்னாலேயே ஸ்விட்ச் ஆஃப் செய்து, கவரில் போட்டு ஒட்டி, பிள்ளையிடமே கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைக்கட்டும். யாரும் திறக்கக் கூடாது, தலைமை ஆசிரியர் உட்பட. பறித்தால் திருப்பித் தர மாட்டோம் என்று வருஷாவருஷம் எச்சரிக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த போன் பெரும்பாலும் வீட்டுக்கே ஒன்றுதான். மகளிர் குழு லோனுக்கு ஓடிபி வருவதும் அதில்தான், நூறு நாள் வேலைக் கூலி ஏறியதா என்று பார்ப்பதும் அதில்தான். சாயந்திரமே தாயைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம். முதலில் பிள்ளையோடு தனியாகப் பேச ஒரு ஆசிரியை வேண்டும். மிரட்டல் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசட்டும். படிப்பு, மனக்குழப்பம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. வெளியூரில் சாரத்தின் மேல் நிற்கிற தகப்பனுக்கு அந்த நேரத்தில் போன் போட்டு, 'உங்க பொண்ணு பையில போன்' என்று சொல்வதை மட்டும் நிறுத்துங்கள். அவர் பஸ் ஏறி வந்து சேருகிற வரைக்கும் மனதுக்குள் என்னென்ன ஓடும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் மகள் படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். வரும் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கப் போவதாகத் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். ரெஜிஸ்டர், கவர், பீரோ எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். ஆபீஸ் போனைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கும் தலையாட்டிவிட்டார். வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதை நிறுத்துவதற்கு மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.